பிசிறு

பெருமாநல்லூர் தாண்டி
கம்பெனி வேன் பஞ்சரான காலையில்
கிளுவை வேலியோரம் நின்றிருந்தேன்.
முழங்கையைக் கொக்கி போட்டு இழுத்தது ஒரு கொடி.
உருவிக்கொள்ளப் பார்த்தால்
துப்பட்டாவையும் சேர்த்துப் பிடித்தது.
"தூதுவளைங்க்கா, சளிக்கு நல்லது"
என்றாள் துளசிமணி,
ஸ்டெப்னி மாட்டுகிறவரைப் பார்த்தபடியே.
ஒரு சாண் ஒடித்து
சோத்துப்பையில் செருகினேன்.

எனக்குச் சளி இல்லை. பஞ்சு.
பதினோரு வருசமாகச் செக்கிங் மேசையில்
பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறேன்.
வெட்டியதில் பாதி தரையில், பாதி தலையில்.
மிச்சம் எங்கே போகிறதென்று
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னார்.
மாஸ்க் போடுங்கள் என்றார்.
போடுகிறோம்,
பையர் வருகிற நாளில்.

லைன் வீட்டில் மண் ஏது.
ஆணியைச் சுடவைத்து
பெயிண்ட் வாளியின் அடியில் மூன்று ஓட்டை.
சாக்கடைக்குத் தோண்டிக் குவித்ததில் இரண்டு சட்டி மண்,
பால்காரர் கொடுத்த ஆட்டுப் புழுக்கை.
பொடக்காலியில்
துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே
வெயில் பத்துக்கு வந்து பதினொன்றுக்குப் போகிற இடம்.
ஞாயிறு மட்டும்தான் அதைப் பகலில் பார்ப்பேன்.
மற்ற நாளெல்லாம் ஒன்றரை ஷிப்ட் முடித்து
போன் வெளிச்சத்தில் ஒரு சொம்புத் தண்ணி.
பிழைக்காது என்றுதான் இருந்தேன்.

கொடியெல்லாம் முள்.
இலையின் முதுகு நரம்பிலும் முள்.
கறிவேப்பிலை மாதிரி உருவிப் போட முடியாது.
கம்பெனிக் கத்தரியைத்தான் எடுத்தேன்,
கணக்கில் வராமல் ஒருநாள் பையோடு வந்தது.
பகலெல்லாம் நூல், ராத்திரி முள்.
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.
முடித்த இலையை இடது பக்கம் தள்ளுகிறது
பாஸான பீஸ் போல.

நெய்யில் வதக்கி
மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கொஞ்சமாய்ப் புளி.
ரசம் இறங்கும்போது தொண்டையில் ஒரு சொரசொரப்பு,
உள்ளே யாரோ சீமாறு போடுகிற மாதிரி.
"இருமல் நின்னுதாக்கா?"
நிற்கவில்லை.
மூணு மணிக்கு எழுப்பியது
இப்போது நாலரைக்கு எழுப்புகிறது.
ஒன்றரை மணி நேரத் தூக்கம்,
யாரும் தராத போனஸ்.

ஆடிக் காத்து
கொடியைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டது.
அந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி.
மோட்டார் பில்லில் நூற்றெண்பது ரூபாய்த் தகராறு,
சித்திரையிலிருந்து பேச்சில்லை.
வாடகையை ஜிபேயில் போடுகிறேன்,
நீல டிக் விழும், அவ்வளவுதான்.
முள்ளு வேட்டியைக் கிழிச்சுப்போடுச்சு,
வாளியைத் தூக்கு, இல்லை வீட்டைக் காலி பண்ணு
என்று வருவார்.
அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.
நல்ல பதில். வீணாய்ப் போச்சு.

ஒரு ஞாயிறு கல்மேல் ஏறி எக்கிப் பார்த்தேன்.
அந்தப் பக்கத்துக் கொடியில்
ஒரு முழத்துக்கு இலையே இல்லை.
ஆடு மேய்ந்ததில்லை.
தளிரை விட்டு, பழுத்ததை விட்டு,
பூவுக்குப் பக்கத்தில் போகாமல்
கிள்ளிய கை.
சாயங்காலம் மதிலேறி வந்தது நெய் வாசம்.
அதன் பின்னாலேயே ஒரு இருமல்,
என்னுடையதைவிடக் கனமானது,
சாயப்பட்டறை இருமல்.
பட்டறையை மூடி ஏழு வருசமாச்சு.

நான் பேசவில்லை. அவரும்.
நூற்றெண்பது ரூபாய் அங்கேயேதான் நிற்கிறது.
வாளிக்கு மட்டும்
ஒரு சொம்பு இரண்டாகியிருக்கிறது.

நேற்று ஒரு முள் தப்பிவிட்டது.
நாக்கின் ஓரத்தில் குத்தி நின்றது.
செக்கிங்கில் இப்படி ஒன்று விட்டால்
லாட்டே திரும்பி வரும்.
விரலால் எடுத்து விளக்கடியில் பார்த்தேன்,
பேன் அளவு, கொக்கியாய் வளைந்து.

அந்த சோடாப்புட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு
அங்கே யார் முள் நறுக்குவது,
எந்தக் கத்தரியில்?